‘ஆன் தி கான்ட்ரரி’ படுத்திய பாடு!

எனக்கும் இங்கிலீஷுக்கும் உள்ள உறவு, அந்தக் காலத்து மாமியார் - மருமகள் உறவு மாதிரி. ஒரே வீட்டில் இருப்போம். மனம் விட்டுப் பேசிக்கொள்ள மாட்டோம். பொன்னேரியில் தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். இங்கிலீஷில் பாஸ் மார்க்குக்கு மேல் ஐந்தாறு மார்க் வாங்கியதையே என் அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கல்யாணமாகி வள்ளூருக்கு வந்த பிறகு, ‘இனி அந்த பாஷையோடு நமக்கு என்ன வேலை?’ என்றுதான் நினைத்தேன்.

நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்களே, அந்தக் கதைதான்! எங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். மூன்று யூனிட்டுகளும் சேர்ந்து 1500 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும் அனல் மின் நிலையம் கூப்பிடு தூரத்தில். கிழக்கே போனால் காமராஜர் துறைமுகம். மீஞ்சூரில் ரயிலேறி வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிவது இவற்றை நம்பித்தான். ஆகவே வீட்டுக்கு வருகிற காகிதமெல்லாம் இங்கிலீஷ். பி.எஃப். சீட்டு இங்கிலீஷ், இன்சூரன்ஸ் பாரம் இங்கிலீஷ், பிள்ளைகளின் பள்ளி டைரி இங்கிலீஷ். போதாக்குறைக்கு ஒரு நாள் மெமோவும் வந்தது.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். (பெயர் வேண்டாம், சோறு போடுகிற இடம்!) 2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போது நடந்தது இது. 3-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு ஷிஃப்டுக்குப் போனார். அன்று இரவும் மறுநாளும் கொட்டிய மழையைச் சென்னை, திருவள்ளூர்ப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை புறநகர் ரயில்கள் நின்றுபோயின. காலையில் இவரை மாற்றிவிட ஆள் வரவில்லை. மதியம் வரை அங்கேயே இருந்து, டீசல் பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்துக் கொட்டியிருக்கிறார். பிறகு ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு, மீதித் தூரம் நடந்து, இரவு வீடு வந்து சேர்ந்தார். இங்கே என்னடாவென்றால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அரிசி மூட்டை, புத்தகம், மிக்ஸி எல்லாம் கட்டில் மேல். நாங்களும் கட்டில் மேல். கரண்ட் இல்லை. போனில் உயிர் இல்லை. 5, 6 தேதிகளில் அவரால் எங்களை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியவில்லை. சொல்லி அனுப்பவும் வழியில்லை.

அடுத்த வாரம் கையில் மெமோவைக் கொடுத்தார்கள். ‘3-ம் தேதி ஷிஃப்டில் பாதியிலேயே வேலையை விட்டுப் போய்விட்டீர். 5, 6 தேதிகளில் அறிவிப்பின்றி வரவில்லை. எழுத்து மூலம் விளக்கம் தரவும்’ என்று. கேட்டில் விரல் வைக்கிற மெஷின் கரண்ட் போனதும் செத்துக் கிடந்திருக்கிறது. மனுஷன் மறுநாள் மதியம் வெளியே போனது அதில் எப்படிப் பதிவாகும்?

அவர் ஸ்பானரைப் பிடித்தால் ஊரே மெச்சும். பேனாவைப் பிடிக்கச் சொன்னால் வேர்த்துவிடும். “நீயே எழுதிடேன்” என்றார்.

“தமிழ்லயே எழுதிக் கொடுத்தா என்னங்க?” என்று கேட்டேன். தாராளமாக எழுதலாம்தான். ஆனால் அந்த அதிகாரி வெளி மாநிலத்துக்காரர். யாரோ ஒருவர் படித்து அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் பாதி விஷயம் போய்விடும் என்றார். அதுவும் நியாயம்தான்.

சரியென்று பெரியவளின் இங்கிலீஷ் கட்டுரை நோட்டையும் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். கட்டுரை நோட்டில் ‘ஆன் தி அதர் ஹேண்ட்’, ‘ஆன் தி கான்ட்ரரி’ என்று இரண்டு தொடர்கள் இருந்தன. இரண்டுக்கும் ‘மாறாக’ என்று என் மகள் அர்த்தம் குறித்து வைத்திருந்தாள். ஆகா, இவற்றைப் போட்டால் படித்தவர் எழுதிய மாதிரி இருக்குமே என்று ஆளுக்கொரு இடமாக உட்கார வைத்துவிட்டேன். முதல் பாராவில் இப்படி: ‘ஐ டிட் நாட் லீவ் தி வொர்க். ஆன் தி அதர் ஹேண்ட், ஐ ஸ்டேய்ட் டில் மண்டே நூன்.’ அடுத்த பாராவில் இப்படி: ‘ஐ டிட் மை டியூட்டி ஆன் தேர்ட் நைட். ஆன் தி கான்ட்ரரி, ஐ டிட் நாட் கம் ஆன் ஃபிஃப்த் அண்ட் சிக்ஸ்த்.’

எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நானும் சும்மா சொல்லக் கூடாது, அன்று சாம்பாரில் உப்புப் போட மறக்கிற அளவுக்கு மிதந்துகொண்டிருந்தேன்.

நாலாம் நாள் இரண்டாவது மெமோ வந்தது. ‘உமது பதில் முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது. 3-ம் தேதி வேலை பார்த்தீரா, இல்லையா? மூன்று நாளில் தெளிவாக எழுதித் தரவும்.’

என் கையும் காலும் ஓடவில்லை. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நகை பேங்கில் இருக்கிறது. பெரியவளுக்குப் பத்தாம் வகுப்பு. இந்த நேரத்தில் வேலைக்கு ஒன்று வந்தால்? அதுவும் நான் எழுதிய கடிதத்தால் வந்தால்?

மீஞ்சூரில் எனக்குத் தெரிந்த ரிட்டையர்டு இங்கிலீஷ் டீச்சர் ஒருவர் இருக்கிறார். மறுநாள் காலை முதல் வேலையாக இரண்டு மெமோவையும், என் பதிலின் நகலையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். சிரிப்பாரோ என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

“ஏம்மா, விஷயமெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே. ரெண்டு பேரையும் வீடு மாத்திக் குடி வெச்சுட்டே, அவ்வளவுதான்” என்றார்.

பிறகு அவர் விளக்கியதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். காகிதத்தில் இங்கிலீஷ் எழுத வேண்டிய கட்டாயம் என்னைப் போல எத்தனையோ பேருக்கு இருக்கிறது அல்லவா?

டீச்சர் கேட்டது ஒரே கேள்வி. “நீ சொல்ற ரெண்டு விஷயமும் நிஜமா? இல்லே, ஒண்ணு பொய், இன்னொண்ணு நிஜமா?”

இரண்டும் நிஜம், ஆனால் ஒன்றுக்கொன்று வேறு மாதிரி இருக்கிறது என்றால் ‘ஆன் தி அதர் ஹேண்ட்’. ஒருவர் சொன்னது பொய், அப்படி இல்லவே இல்லை, நிஜம் அதற்கு நேர் எதிர் என்று அடித்துச் சொல்வதானால் ‘ஆன் தி கான்ட்ரரி’. 

என் கடிதத்தை இந்தக் கேள்வியோடு வைத்துப் பாருங்கள். 3-ம் தேதி வேலை பார்த்தது நிஜம். 5, 6 தேதிகளில் போகாததும் நிஜம். இரண்டும் நிஜமாக இருக்கிற இடத்தில் நான் ‘ஆன் தி கான்ட்ரரி’ போட்டேன். படிக்கிறவருக்கு அது எப்படிக் கேட்கும்? ‘3-ம் தேதி வேலை பார்த்தேன். இல்லையில்லை, அது தப்பு…’ என்று நானே நாக்கைக் கடித்துக்கொண்ட மாதிரி! அவர் குழம்பினதில் என்ன ஆச்சரியம்? அதேபோல, ‘பாதியில் விட்டுப் போகவே இல்லை’ என்று உரக்க மறுக்க வேண்டிய இடத்தில் ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ என்று போட்டு, மறுப்பைத் தண்ணீர் ஊற்றிய மோர் மாதிரி ஆக்கிவிட்டேன்.

“அது ஏன் டீச்சர், கை என்று வருகிறது?” என்று கேட்டேன். கை என்றால் அங்கே பக்கம் என்று அர்த்தமாம். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் வழி கேட்டால் ‘சோத்தாங்கைப் பக்கம் திரும்பு, பீச்சாங்கைப் பக்கம் போ’ என்றுதானே சொல்கிறோம்? நமக்கும் கைதான் பக்கம்! அதற்காக ‘பக்கம்’ என்பதை அப்படியே பெயர்த்து ‘ஆன் தி அதர் சைட்’ என்று எழுதக் கூடாது. அது ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் என்கிற மாதிரி இடத்தைச் சொல்வது. ‘இன் தி அதர் ஹேண்ட்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் தட்டு இருந்தால் அது சரி!

டீச்சர் வீட்டு அலமாரியில் ஒரு தடிப் புத்தகம் இருந்தது. மைக்கேல் ஸ்வான் என்பவர் எழுதிய ‘பிராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்’. 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் முதலில் வெளியிட்டதாம். இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாத உலகத்து ஜனங்கள் எல்லாரும் எங்கெங்கே வழுக்கி விழுகிறார்கள் என்று பார்த்து எழுதிய புத்தகம். அதில் இந்த இரண்டு தொடரையும் குழப்பிக்கொள்ளாதே என்று தனியாகவே குறிப்பு இருக்கிறது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. வள்ளூர்க்காரி மட்டும் விழவில்லை!

நாம் விழுவதற்குக் காரணம் நம்முடைய ‘மாறாக’ என்கிற சொல். பாவம், அது நல்ல சொல்தான். ஆனால் ஒண்டியாக மூன்று வீட்டு வேலை பார்க்கிறது. ‘அக்காவுக்கு மாறாகத் தங்கை வாயாடி’ என்போம். ‘நான் அவரைத் திட்டவில்லை, மாறாக, பாராட்டினேன்’ என்போம். ‘அவர் வரவில்லை, மாறாக, மகனை அனுப்பினார்’ என்றும் சொல்வோம். முதலாவதற்கு ஆன் தி அதர் ஹேண்ட் பொருந்தும். இரண்டாவதற்கு ஆன் தி கான்ட்ரரி. மூன்றாவது இரண்டுமே இல்லை! அவருக்குப் பதிலாக மகன் வந்தான், அவ்வளவுதானே? அதற்கு ‘இன்ஸ்டெட்’ என்று தனிச் சொல். ஆகவே தமிழில் ‘மாறாக’ என்று மனதில் வந்தால், எந்த வீட்டு மாறாக என்று ஒரு நிமிஷம் நின்று விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் யோசித்தபோது எனக்கு இன்னொன்று தோன்றியது. நாம் வாயால் பேசும்போது ‘மாறாக’ என்று யார் சொல்கிறோம்? ‘பெரியவ சொன்ன பேச்சைக் கேட்பா. சின்னவளோ…’ என்று ஒரு ‘ஓ’ போட்டு இழுப்போம் பாருங்கள், அந்த ‘ஓ’தான் ஆன் தி அதர் ஹேண்ட்! பெரியவள் கேட்பதும் நிஜம், சின்னவள் கேட்காததும் நிஜம். (சின்னவள் விஷயம் ரொம்பவே நிஜம்.) ‘உங்களுக்குக் காபியே பிடிக்காதாமே?’ என்று யாராவது கேட்டால், ‘யார் சொன்னா? பிடிக்காதாவது! நாளைக்கு மூணு டம்ளர் குடிப்பேன்’ என்போமே, அந்த ‘யார் சொன்னா?’தான் ஆன் தி கான்ட்ரரி. ‘ஓ’வா, ‘யார் சொன்னா’வா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தால் போதும், அகராதியே வேண்டாம். டீச்சரிடம் போனில் சொன்னேன். “அட, இது நல்லா இருக்கே! முப்பது வருஷம் பாடம் நடத்தினேன், எனக்குத் தோணலையே” என்றார். பெரியவளின் தமிழ் ஐயா சொன்னாராம், ‘ஓ’வுக்கு உள்ள ஆறு பொருளைத் தொல்காப்பியமே இடையியலில் சொல்லிவிட்டது, அதில் ஒன்றைப் பிரித்துக் காட்டும் பிரிநிலையும் உண்டு என்று. நமக்கு அந்த ஆழமெல்லாம் வேண்டாம். நம் வாயிலேயே இருக்கிற சாவி இது என்று தெரிந்தால் சரி.

‘ஆன் தி ஒன் ஹேண்ட்’ என்று முதலில் போட்டே ஆக வேண்டுமா என்று கேட்டேன். வேண்டியதில்லை, இரண்டாவது கை தனியாக வரலாம். ஆனால் முதல் கையைப் போட்டுவிட்டால் இரண்டாவது கையை மறந்துவிடக் கூடாது. படிக்கிறவர் காத்துக்கொண்டே இருப்பார். அப்புறம், வாக்கியத்தின் தொடக்கத்தில் இவை வந்தால் பின்னால் ஒரு கமா.

இந்த இடத்தில் டீச்சர் என் கடிதத்தில் இன்னொரு ஓட்டையையும் காட்டினார். ‘தோ தி ட்ரெயின்ஸ் வேர் ஸ்டாப்டு, பட் ஹி…’ என்று எழுதியிருந்தேன். ‘தோ’ போட்டால் ‘பட்’ கூடாதாம். ஏன் என்று தமிழில் பார்த்தால் சிரிப்பு வரும். ‘மழை பெய்தாலும் ஆனால் போனேன்’ என்று யாராவது சொல்வோமா? ‘பெய்தாலும்’ என்பதில் உள்ள ‘லும்’தான் ‘தோ’. லும் வந்துவிட்டால் ஆனாலுக்கு வேலை இல்லை. ஒரு வாக்கியத்துக்கு ஒன்று போதும். ஆனால் எங்கள் காலத்தில் ‘தோ… யெட்’ என்று ஜோடியாகச் சொல்லிக் கொடுத்தார்களே என்று கேட்டேன். அது ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் உள்ளதுதான், தப்பில்லை, இப்போது அந்த ‘யெட்’டையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள் என்றார். (அந்த ரென் துரை அன்றைய பம்பாய் மாகாணத்துக் கல்வித் துறையில் வேலை பார்த்தவர் என்பதும், 1924-ல் ‘போ ஜெஸ்ட்’ என்று பட்டாளத்துச் சாகச நாவல் எழுதிப் பேர் வாங்கியவர் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும். இலக்கணப் புத்தகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவே தோன்றாது!) அதேபோல ‘இன் ஸ்பைட் ஆஃப்’ என்பது மூன்று சொல், சேர்த்து எழுதக் கூடாது. ‘டெஸ்பைட்’ என்று போட்டால் பின்னால் ‘ஆஃப்’ வராது. இவை சின்ன விஷயங்கள். ஒரு தரம் கேட்டால் மனதில் நின்றுவிடும்.

சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் கவனிக்க ஒன்று. பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். ‘பென்சிலின் ஒத்துக்கொள்ளும். சல்ஃபா மருந்தோ ஒத்துக்கொள்ளாது’ என்று நாம் நினைப்பதை, நடுவில் ‘ஆன் தி கான்ட்ரரி’ போட்டு எழுதினால், அவசரத்தில் படிக்கிற நர்ஸம்மாவுக்கு எது நிஜம் என்று ஒரு கணம் திகைப்பு வரும். அந்த ஒரு கணமும் வேண்டாமே! இந்த மாதிரி இடத்தில் டீச்சர் சொன்ன வழி எனக்குப் பிடித்தது. எந்தத் தொடரும் வேண்டாம். ஒத்துக்கொள்வது ஒரு வரி, ஒத்துக்கொள்ளாதது தனி வரி. லீவு லெட்டருக்கும் அப்படித்தான். காய்ச்சல் விட்டது, இருமல் இருக்கிறது என்பதற்குச் சாதாரண ‘பட்’ போதும். நாலில் மூன்று இடத்தில் ‘பட்’ போதும் என்பது அவர் கட்சி. நான் பெரிய தொடர்களைத் தேடிப் போனதே, படித்தவள் மாதிரி காட்டிக்கொள்ளத்தானே!

மெமோவுக்கு வருவோம். டீச்சர் முன்னாலேயே உட்கார்ந்து நானே திருத்தி எழுதினேன். அவர் எழுதித் தர மறுத்துவிட்டார். “உன் வீட்டுக்காரர் கதை, உன் கையாலதான் வரணும்” என்றார். முதல் பாரா: ‘ஐ டிட் நாட் லீவ் மை வொர்க் ஆன் தி தேர்ட். ஆன் தி கான்ட்ரரி, ஐ ஸ்டேய்ட் அன்டில் நூன் தி நெக்ஸ்ட் டே.’ அதன் கீழே பம்ப் ஓட்டியதையும், கூட இருந்த இரண்டு பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதையும் எழுதினேன். இரண்டாவது பாராவில் 5, 6 தேதிகளில் வரவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஏன் என்று இரண்டே வரி. அங்கே இந்தக் கையும் போடவில்லை, அந்தக் கையும் போடவில்லை. புதுப் பாரா என்பதே போதுமாக இருந்தது.

அந்த மூன்று நாள் கெடுவில் கடைசி நாள் கொடுத்தார். பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும். பதினோராம் நாள் வந்து, “அந்த ரெண்டு நாளையும் லீவுல கழிச்சுக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி வேலையை ஒத்துக்கிட்டாங்க. விசாரணை இல்லையாம்” என்று சொல்லிவிட்டு, குழாயடியில் முகம் கழுவப் போய்விட்டார். ரொம்ப நேரம் கழுவினார்.

டீச்சர் பணமா வாங்குவார்? மறுநாள் பழவேற்காட்டு இறால் வாங்கி, தொக்கு செய்து, ஒரு டப்பாவில் போட்டுப் பெரியவளிடம் கொடுத்தனுப்பினேன். கூடவே, கற்றதைக் காட்ட வேண்டாமா, இங்கிலீஷில் ஒரு சீட்டு: ‘தோ இட் இஸ் எ லிட்டில் ஸ்பைசி, பட் இட் இஸ் டேஸ்டி.’

சாயங்காலம் டப்பா கழுவித் திரும்பி வந்தது. உள்ளே என் சீட்டு. ‘பட்’ மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. கீழே தமிழில், ‘தொக்கு பிரமாதம்’.